கங்காணி யார்?

பீர்மேடு என்ற பெயர் பீருமுகமது அப்பா என்னும் தமிழ் ஞானப் புலவரால் வந்தது என்பது எங்கள் மலையில் வழங்கும் செய்தி. தக்கலையில் அடக்கமாகியுள்ள அப்பெரியார் ஒரு காலத்தில் இந்த மேட்டில் தங்கித் தவமிருந்தார் என்பர். ஆக, ஒரு தமிழ்ப் புலவரின் பெயரைச் சுமந்து நிற்கிறது எங்கள் ஊர். ஆயினும், அங்கே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய தமிழரின் கதையைத் தேடி நான் நூலகத்திற்குப் போனபோது, கைக்குக் கிடைத்தவை வேறு மலைகளின் கதைகள்தாம். புதுமைப்பித்தன் 1935இல் 'மணிக்கொடி'யில் எழுதிய 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதை. மருத்துவர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்து, பின்னர் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என வந்த நாவல், ஆனைமலைத் தோட்டத்துக் கதை. மலை வேறாயினும் மழை ஒன்று, லயம் ஒன்று, விடியற்காலையில் பேர் கூப்பிடும் குரலும் ஒன்றே. எனவே அவற்றை எங்கள் கதையாகவே நான் படித்தேன்.

சென்ற திங்கள் நம் மன்றத்தின் இலக்கியக் கூட்டத்தில் இவ்விரு படைப்புகளையும், டேனியலின் நாவலைத் தழுவி 2013இல் வந்த 'பரதேசி' திரைப்படத்தையும் வைத்து நண்பர்கள் வாதிட்டனர். நல்ல வாதம், சூடான வாதம். இறுதியில் ஒருவர் எழுந்து, "இக்கதைகளில் கொடியவன் யார்?" என்று கேட்டார். ஒரே குரலாக விடை வந்தது: "கங்காணி!" கைதட்டல் எழுந்தது.

நான் கை தட்டவில்லை. ஏன் என்று அன்று சொல்லவுமில்லை. கூச்சம் தடுத்தது. இன்று எழுதிவிடுகிறேன்: என் பூட்டனார் ஒரு கங்காணி.

பூட்டனாருக்காக வழக்காட வந்துவிட்டான் என்று எண்ணிவிட வேண்டாம். அவர் பெரிய கங்காணியும் அல்லர். முப்பது பேருக்கு மேல் அவர் கையில் இருந்ததில்லை என்பார் என் பாட்டி. கம்பம், கூடலூர் வழியே குமுளி ஏற்றம் ஏறி ஆட்களைக் கூட்டி வந்தவர். எங்கள் லயத்தில் எங்கள் வாசலுக்கு இன்றும் 'கங்காணி வீடு' என்றே பெயர். மேல் லயத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். ஓய்வு பெறும் வரை கொழுந்து கிள்ளியவர். எனக்குப் பல்கலைக் கழகத்தில் இடம் கிடைத்த செய்தியைச் சொல்ல மிட்டாய் எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டார், வாழ்த்தினார். பிறகு சொன்னார்: "நல்லாப் படி ஐயா. எங்க ஆத்தாளை உங்க பூட்டன்தான் மலைக்குக் கூட்டியாந்தாரு. ஆறு மாசத்துல திருப்பிக் கொண்டாந்து விட்டுடறேன்னு சொல்லித்தான் கூட்டியாந்தாரு. அவ இந்த மலையிலேயே மண்ணாப் போனா."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

ஆகவே கங்காணி தவறு செய்தானா என்பதில் எனக்கு ஐயமில்லை. என் ஐயமெல்லாம் வேறு. கங்காணியைக் கண்டுபிடித்தவுடன் நாம் புத்தகத்தை மூடிவிடுகிறோமே, அது சரிதானா?

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஆள் திரட்டுவதற்காகத் தோட்டம் கங்காணியிடம் முன்பணம் கொடுக்கும். கங்காணி அதைக் கொண்டுபோய் ஊரிலே கொடுப்பான். கல்யாணக் கடன், பஞ்சத்துக் கடன், பண்ணையில் பட்ட கடன் எல்லாம் அதில் அடையும். வழிச்செலவும் கம்பளி விலையும் அதன்மேல் ஏறும். அத்தனையும் தொழிலாளியின் பெயரில் பற்றாக எழுதப்படும். அவன் கூட்டி வந்த ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, எவ்வளவு கூலி ஈட்டினார்களோ, அதற்கேற்பக் கங்காணிக்குத் தரகு. ஓர் ஆள் இரவோடிரவாக ஓடிவிட்டால் அந்த முன்பணம் கங்காணியின் தலையில் விழும். எனவே பகலில் வேலை வாங்கியவன் இரவில் காவலும் காத்தான். 'எரியும் பனிக்காடு' நாவலில் கருப்பனும் வள்ளியும் சிக்கிக்கொள்ளும் வலை இதுதான்.

இலங்கையில் இக்கடனுக்கு ஒரு சீட்டே இருந்தது. 'துண்டு' என்பது அதன் பெயர். கடன் தீராமல் வேறு தோட்டத்திற்குப் போக முடியாது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. இந்தியாவிலோ, முன்பணம் வாங்கிய தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினால் அவனைச் சிறைக்கு அனுப்ப வழி செய்யும் சட்டம் 1859இல் வந்தது, 1925இல்தான் நீக்கப்பட்டது. எந்தக் கங்காணி இச்சட்டங்களை எழுதினான்? எந்தக் கங்காணி நாட்கூலியை நிர்ணயித்தான்? கதையைப் படிக்கும் நம் கண், பணத்தை எண்ணும் கங்காணியின் முகத்திலேயே நிலைத்துவிடுகிறது. மேசைமேல் விரிந்து கிடக்கும் பேரேட்டின் பக்கம் போவதேயில்லை.

நான் விலங்கியல் மாணவன். என் பாடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்ல அனுமதியுங்கள். மலேரியா என்ற சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்றுதான் பொருள். காற்றினால் காய்ச்சல் வருகிறது என்று மக்கள் நெடுங்காலம் நம்பினர். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அந்நோயின் கிருமியைக் கண்டார். அன்றுமுதல் கொசு குற்றவாளி ஆயிற்று. ஆனால் கொசு நோயைச் சுமப்பது. நோயாகிய கிருமி அதனுள் இருப்பது. கொசு பிறக்கத் தேங்கிய நீரும் வேண்டும். ஒரு கொசுவை அடித்துவிட்டுக் கை கழுவியவன் காய்ச்சலை ஒழித்தவன் ஆகான். தோட்டத்துக் கதைகளில் கங்காணி கொசு, கடன் கிருமி, கூலியைக் கீழே அமுக்கி வைத்த நிருவாகமும் அதற்குத் துணை நின்ற சட்டமும் தேங்கிய நீர். அந்த நீர் மலையில் மட்டுமா தேங்கியிருந்தது? 'துன்பக்கேணி'யின் மருதியை எண்ணிப் பாருங்கள். அவள் கடல் தாண்டுமுன்பே அவளை வாழவிடாமல் செய்தது எது? ஊரின் நிலமும் ஊரின் சாதியும் அல்லவா? வெளியே தள்ளியவர்கள் ஊரிலேயே மரியாதையாக வாழ்ந்தார்கள். கூட்டிக்கொண்டு போனவன் மட்டும் கொடியவன் என்று பெயரெடுத்தான்.

இதை நான் விடுதியில் சொன்னபோது இயற்பியல் பயிலும் நண்பர் ஒருவர் மடக்கினார். "கொசுவுக்கு மனச்சாட்சி கிடையாது. உன் பூட்டனுக்கு இருந்ததல்லவா?" என்று கேட்டார். இரண்டு நாள் எனக்கு விடை தோன்றவில்லை. அவர் சொன்னது உண்மை. கணக்கு கொடியது என்பதனால், அக்கணக்கை எழுதிய கை தூய்மையாகிவிடாது. ஏழை ஏழையை ஏமாற்றினான்; அதுவும் தன் சொந்தப் பேச்சில், உறவு முறை சொல்லி அழைத்து ஏமாற்றினான். அந்த வஞ்சனைக்கு எந்தப் பேரேட்டிலும் மன்னிப்பு எழுதப்படவில்லை.

இந்த இடத்தில்தான் டேனியலின் நாவல் எனக்கு மீண்டும் கை கொடுத்தது. அந்நாவலில் ஆபிரகாம் என்றொரு மருத்துவர் வருகிறார். அவரும் தோட்டத்தின் சம்பளத்தை வாங்குபவர்தாம். மேலே துரை, கீழே தொழிலாளி, நடுவே அவர். கங்காணி நின்ற நடுப்படி வேறு, அவர் நின்ற நடுப்படி வேறு என்றாலும், இரண்டும் நடுப்படிகளே. ஆனால் அவர் நோயாளியை மனிதனாகப் பார்க்கிறார்; நோய்க்குக் காரணம் தேடுகிறார்; நலவாழ்வுக்காகப் போராடுகிறார். டேனியல் இதைக் கற்பனையில் மட்டும் கண்டவர் அல்லர். தாமே ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து, தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டப் பாடுபட்டவர். நடுவில் நிற்பவனுக்கும் ஒரு தேர்வு உண்டு என்பதை அக்கதாபாத்திரம் காட்டுகிறது. கங்காணியையும் மருத்துவரையும் அருகருகே நிறுத்திப் படித்தால்தான் இருவரும் விளங்குவர். ஒருவரை விட்டால் மற்றவர் வெறும் பொம்மை ஆகிவிடுவார்.

'பரதேசி' எடுத்தவர்கள் இதைக் கைவிட்டனர் என்பதே என் குறை. அப்படம் நம்மை அழ வைத்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் வரும் மருத்துவர் ஆடல் பாடலோடு மதம் பரப்பும் வேடிக்கை மனிதராகிவிட்டார். நாவலுக்கு இது அநீதி என்று அன்றே பலர் எழுதினர். எனக்குப் படுவது இன்னும் ஒன்று. அவரை அவ்வாறு ஆக்கியதும் நடுவில் நின்ற நல்லவன் மறைந்தான்; கங்காணியின் தேர்வும் மறைந்தது; கண்ணீர் மட்டும் எஞ்சியது. அழுதுவிட்டு வெளியே வரும் நாம் யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை!

கேட்க வேண்டியது இருக்கிறது, நண்பர்களே. கங்காணி கொடியவன், அவன் போனால் கொடுமை போகும் என்பது உண்மையானால், இன்று பீர்மேடு சொர்க்கமாக இருக்க வேண்டும். எங்கள் மலையில் கங்காணி இல்லை. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது, தொழிற்சங்கங்கள் வந்தன, பள்ளிக்கூடம் வந்தது, அதனால்தான் நான் இதை எழுதுகிறேன். ஆனால் 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேட்டுத் தோட்டங்கள் சில மூடப்பட்டன. அன்று எந்தக் கங்காணியை நாங்கள் வைவது? வாழ்நாளெல்லாம் குடியிருந்தும் லயம் எங்களுடையது அன்று, அது தோட்டத்துடையது. வேலை தீர்ந்தால் வீடும் தீர்ந்தது. இதே இடுக்கி மாவட்டத்தில் 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த தோட்டத் தமிழர் 70 பேரை மண் கொண்டுபோயிற்று. சரிந்தது மலைதான், ஆனால் அந்த இடத்தில் அவர்களை உறங்க வைத்தது எது? கங்காணி போய்விட்டான், அவனை அனுப்பிய கணக்கு இன்னும் முடியவில்லை.

இலக்கியத்தில் கதாபாத்திரத்தை ஆராய்வது, மாணவர்க்குத் தேர்வில் மதிப்பெண் பெற்றுத் தரும் வேலை என்று நாம் நினைக்கிறோம். 'நல்லவன், கெட்டவன்' என்று இரண்டு பட்டியல் போட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் நாமே நாளை நடுப்படியில் நிற்கப் போகிறவர்கள். பட்டம் பெறுவோம், அலுவலராவோம், ஆய்வாளராவோம், மேலாளராவோம். நம் கையிலும் ஒரு பேரேடு வரும். நம் ஊர்ப் பேச்சைப் பேசியே நாமும் ஒருவரை நம்ப வைக்கும் நாள் வரும். அப்போது பூட்டனாரின் வழியா, ஆபிரகாமின் வழியா? இந்த வினாவை நம்மிடம் கேட்கத்தான் அந்நூல்கள் எழுதப்பட்டன என்று நான் கருதுகிறேன்.

வேறொரு வேண்டுகோளும் உண்டு. இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் நாட்டுப் பாடல்களைத் தேடித் திரட்டினார். அதனால் அம்மக்களின் குரல் ஏட்டில் நிலைத்தது. பீர்மேட்டுப் பாட்டிகள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்; நாளை இருப்பார்களா என்பது தெரியாது. மன்றத்தில் பீர்மேடு, தேவிகுளம் பக்கத்து மாணவர் ஐந்தாறு பேர் இருக்கிறோம். விடுமுறைக்குப் போகும்போது ஆளுக்கொரு குறிப்பேடு எடுத்துச் செல்வோமா? அடுத்த இதழிலேயே தொடங்கலாமே.

நான் முதலில் மேல் லயத்துப் பாட்டியிடம் போவேன். என் பூட்டனார் கூட்டி வந்த அவருடைய ஆத்தாளின் பெயர் என்ன, எந்த ஊர் என்று இத்தனை ஆண்டுகளில் எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.