வசை வேண்டாம், வைத்தியம் வேண்டும்!

'குடிகாரன்' என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. அதைச் சொன்ன மாத்திரத்தில் வழக்கு முடிந்துவிடுகிறது. விசாரணை இல்லை; வாய்தா இல்லை; தீர்ப்பு மட்டும் உண்டு! பெற்றவள் தலையில் அடித்துக்கொள்கிறாள். கட்டியவள் கண்ணீர் வடிக்கிறாள். மேஸ்திரி, "நாளை முதல் வராதே" என்கிறார். மேடை ஏறியவர் ஒழுக்கம் போதிக்கிறார். எல்லோரும் தாராளமாகத் தருவது வசை. ஒருவரும் தராதது வைத்தியம்.

காசநோய் கண்டவனை நாம் ஏசுவதுண்டா? "மன உறுதி இருந்தால் இருமல் நிற்காதா?" என்று கேட்பதுண்டா? சர்க்கரை நோய் கண்டவரை ஊர் கூடி நையாண்டி செய்வதுண்டா? இல்லை. ஆனால் குடியில் சிக்கிக் கை நடுங்கி நிற்பவனிடம் மட்டும், "மனம் வைத்தால் விட்டுவிடலாமே!" என்று எளிதாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

குடிக்கிறவர் அத்தனை பேரும் நோயாளிகள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால், விடிந்ததும் ஊற்றினால்தான் நடுக்கம் அடங்கும், ஊற்றாவிட்டால் உடம்பு கேட்காது என்ற கட்டம் வந்துவிட்ட பிறகு, அது வெறும் பழக்கமாக இருப்பதில்லை; நோயாகிவிடுகிறது. அந்த நோய்க்கு மருந்துகள் உண்டு. அவை பல ஆண்டுகளாக உண்டு. அவற்றைக் கேட்டுப் பெறச் சட்டத்திலும் இடம் உண்டு. இந்த மூன்றையும் உழைக்கும் தோழர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ரப்பர் ஆலையில் கிடைத்த துப்பு

குடியை நிறுத்த உதவும் மருந்துகளில் மூத்தது டைசல்ஃபிராம். இதன் பிறப்புக் கதையைத் தொழிலாளர்கள் பெருமையோடு கேட்கலாம். ஏனெனில், முதல் துப்பு கிடைத்தது மேதைகளின் மண்டபத்தில் அல்ல, தொழிலாளியின் உடம்பில்!

ரப்பரைப் பதப்படுத்துவதற்குச் சில கந்தகக் கலவைகளைப் பயன்படுத்துவார்கள். அமெரிக்காவில் அத்தகைய ரசாயனத்தைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு ஒரு விந்தை நேர்ந்தது. வேலை முடிந்து ஒரு குவளை பீர் குடித்தால்கூட முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், உடம்பு கொதிக்கும். விரும்பியோ விரும்பாமலோ அவர்கள் குடியை விட்டார்கள். ஆலை மருத்துவர் வில்லியம்ஸ் என்பவர் இதை 1937-ஆம் ஆண்டு மருத்துவ ஏட்டில் எழுதி, குடிநோய்க்கு இது மருந்தாகுமோ என்ற ஐயத்தையும் எழுப்பினார். கேட்பார் இல்லை.

பத்தாண்டு கழித்து, டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில், ஹால்ட், யாக்கப்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதே வகை ரசாயனத்தைக் குடற்புழு மருந்தாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு விருந்தில் மதுவைத் தொட்டபோது, ரப்பர் தொழிலாளிக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேர்ந்தது! 1948-இல் குடிநோய் மருந்தாக அதை உலகுக்கு அறிவித்தார்கள்.

அது வேலை செய்யும் விதத்தைப் பட்டறை மொழியில் சொல்லலாம். உள்ளே போன சாராயத்தைக் கல்லீரல் இரண்டு பட்டறைகளில் உடைக்கிறது. முதல் பட்டறையிலிருந்து வெளிவருவது அசிட்டால்டிஹைடு என்ற நச்சுச் சரக்கு. இரண்டாம் பட்டறை அந்த நச்சை உடனே மாற்றித் தீங்கில்லாமல் செய்கிறது. டைசல்ஃபிராம் அந்த இரண்டாம் பட்டறைக்குப் பூட்டுப் போடுகிறது. நச்சு தேங்குகிறது, குடித்தவனைப் புரட்டி எடுக்கிறது. "இன்று குடித்தால் உடம்பு தாங்காது" என்று அறிந்தவன், கடை வாசலில் கால் வைக்கத் தயங்குகிறான். அந்தத் தயக்கமே மருந்தின் வெற்றி.

தெரியாமல் கொடுப்பது வைத்தியமா?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். "குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம், சோற்றில் கலக்கலாம், குழம்பில் கலக்கலாம்" என்று சுவரெல்லாம் விளம்பரம் காண்கிறோம். கண்ணீரோடு நிற்கும் நம் தாய்மார்களின் காசைப் பறிக்கும் வாசகம் அது! அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒன்றுமில்லாத மாவாக இருந்தால் காசு நட்டம். டைசல்ஃபிராம் போன்ற மருந்தாகவே இருந்தால் உயிருக்கே நட்டம்! தான் மருந்து உண்டதை அறியாதவன் வழக்கம்போல் குடிப்பான், ரத்த அழுத்தம் சரியும், இதயம் தடுமாறும், சாகவும் நேரும். நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் அவன் இதயத்தையும் கல்லீரலையும் பார்த்து அளவு சொல்லி, வீட்டார் பக்கத்திலிருந்து தரவேண்டிய மருந்து இது.

இது ஒன்றுதான் மருந்தா என்றால், இல்லை. நால்ட்ரெக்சோன் என்றொரு மாத்திரை உண்டு. குடித்தால் மூளையில் எழும் கிளர்ச்சியை அது மட்டுப்படுத்துகிறது. "இன்னும் ஒன்று" என்ற வேட்கை தணிகிறது. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டு குடிநோய்க்கு அனுமதி பெற்றது. அகாம்ப்ரோசேட் என்பது மற்றொன்று. நிறுத்திய பிறகு மீண்டும் தொடத் தூண்டும் தவிப்பை அடக்க உதவுவது. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அபின் வகைப் போதையில் சிக்கியோருக்கான மெத்தடோனும் புப்ரெனார்ஃபினும் 2005-ஆம் ஆண்டே அப்பட்டியலில் ஏறிவிட்டன. அத்தியாவசியம் என்றால் என்ன பொருள்? அரிசி போல, உப்பு போல, இல்லாமல் இருக்கக்கூடாதது என்று பொருள்!

பூட்டி வைத்தால் போதுமா?

"நாலு நாள் அறையில் போட்டுப் பூட்டு, தானே தெளிவான்" என்று யோசனை சொல்லும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. நல்ல எண்ணம், ஆபத்தான யோசனை. பல ஆண்டு நாள்தோறும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால், முதலில் நடுக்கமும் வியர்வையும் வரும். வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும். யாரோ அழைப்பதுபோல் காதில் கேட்கும். ஆள் யார், இடம் எது என்ற நிதானம் போய்விடும். "பேய் பிடித்துவிட்டது" என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். பிடித்திருப்பது பேயல்ல, தோழர்களே! மது விலகும்போது மூளை படும் பாடு அது. கவனிக்காவிட்டால் உயிர் போகும். டயசெபாம், குளோர்டயசெப்பாக்சைடு போன்ற மருந்துகளைச் சில நாட்கள் மருத்துவர் மேற்பார்வையில் அளவாகத் தந்து படிப்படியாகக் குறைத்தால், பெரும்பாலோர் இந்தக் கண்டத்தைத் தாண்டிவிடுவார்கள்.

தவிட்டில் கிடந்த மருந்து

குடி குடலைக் கெடுக்கும், ஈரலைக் கெடுக்கும் என்பது ஊரறிந்தது. அது நினைவையே அழிக்கும் என்பது பலர் அறியாதது.

தயமின் என்ற வைட்டமின் பி-1 நம் உடம்பில் சில வாரங்களுக்கே இருப்பு நிற்கும். நாள்தோறும் குடிப்பவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டதிலுள்ள தயமினையும் குடல் சரியாக ஏற்பதில்லை. இருப்புத் தீர்ந்ததும் மூளை தாக்குண்கிறது. பார்வை இரட்டையாகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழம்புகிறது. ஜெர்மன் மருத்துவர் வெர்னிக்கே 1881-இல் விவரித்த நோய் இது. கொடுமை எங்கே இருக்கிறது தெரியுமா? பார்ப்பவர் கண்ணுக்கு இது போதை போலவே தோன்றும்! "ஏற்றிக்கொண்டு வந்து ஆடுகிறான்" என்று ஓரமாகப் படுக்கவைத்துவிடுகிறார்கள். தயமின் ஊசி போட்டுக் காக்கவேண்டிய நேரம் அங்கே கழிந்துபோகிறது.

தவறவிட்டால் வருவது, ரஷ்ய மருத்துவர் கோர்சாக்கோவ் 1887-இல் எழுதிய மறதி நோய். பழைய கதை நினைவிருக்கும். காலையில் நடந்தது நினைவிராது. விட்டுப்போன இடத்தை மனம் தானே ஏதேனும் கதை கட்டி நிரப்பும். "பொய்யன்" என்ற பட்டமும் சேர்ந்துகொள்ளும். நாற்பது, ஐம்பது வயதில், கை கால் திடமாக இருந்தும், பெற்ற பிள்ளையிடம் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள்!

இதைத் தடுக்கும் தயமின் எங்கே கண்டெடுக்கப்பட்டது? அரிசித் தவிட்டில்! ஜாவாத் தீவில், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் மடங்கி விழுந்ததை எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் கவனித்தார். தவிடு தந்ததும் அவை எழுந்தன. 1926-இல் அதே ஜாவாவில் தவிட்டிலிருந்து தயமினைப் பிரித்தெடுத்தார்கள். எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. மாட்டுக்கு வைக்கும் தவிட்டில் இருந்த பொருள். விலை மிக மலிவு. ஆயினும், மயங்கி வந்தவனுக்குக் குளுக்கோஸ் பாட்டில் மாட்டுவார்கள். கூடவே தயமின் தர மறந்துவிடுவார்கள். குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மிச்சமிருந்த தயமினும் செலவழிந்து போகும் என்பது மருத்துவப் பாடம். தெம்புக்கு ஏற்றியதே தீங்காக முடியலாம்!

முதுமையில் வரும் மறதி நோய்க்கு 1996-இல் டோனெபெசில் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது நோயை அகற்றாது. சிலருக்குச் சில காலம் தாக்குப்பிடிக்க உதவும். 2023-இல் லெக்கானமாப் என்ற புது ஊசி முழு அனுமதி பெற்றது. ஆண்டுக்கு 26,500 டாலர் என்று விலை வைத்தார்கள். அதுவும் நோயின் வேகத்தைச் சற்றே குறைப்பதுதான். ஆராய்ச்சி வளரட்டும், வரவேற்கிறோம். ஆனால் லட்சங்கள் கேட்கும் ஊசிக்குத் தலைப்புச் செய்தி, வரும் முன்னே காக்கும் மலிவு மருந்துக்கு மறதி என்றால், மறதி நோய் யாருக்கு என்று கேட்கமாட்டோமா?

38 பேரில் ஒருவர்!

மத்திய அரசின் சமூக நீதித் துறைக்காக டில்லி எய்ம்ஸ் நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பு 2019-இல் வெளியாயிற்று. குடிக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மற்றவர்களுக்குக் கிடைத்தது? வசை!

தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையாக விற்பதும் அரசு நிறுவனமே. 2003 முதல் டாஸ்மாக் கடை நடத்துகிறது. ஆட்சிகள் மாறின, கடை மாறவில்லை. 2023-24-ஆம் ஆண்டில் மட்டும் அதனால் கருவூலத்துக்கு வந்தது 45,800 கோடி ரூபாய்க்கு மேல். விற்ற கைக்கு வைத்தியம் செய்யும் கடமை இல்லையா? பாட்டில் தட்டில்லாமல் கிடைக்கும் ஊரில் மாத்திரையும் தட்டில்லாமல் கிடைக்கவேண்டாமா?

"கடையை மூடிவிட்டால் மருந்து எதற்கு?" என்பார்கள் சிலர். மூடுவது பற்றிய வாதம் நடக்கட்டும். ஆனால் மூடிய மறுநாள் காலை, ஏற்கெனவே நோயில் வீழ்ந்தவன் கை நடுங்குமே, வலிப்பு வருமே, அவனுக்கு என்ன வழி? மருந்து மிகவும் தேவைப்படும் நாள் அந்த நாள்தான்!

"ஒரு போதைக்கு மறு போதையா?" என்பார்கள் வேறு சிலர். டைசல்ஃபிராமிலும் நால்ட்ரெக்சோனிலும் அகாம்ப்ரோசேட்டிலும் தயமினிலும் போதை இல்லை. மருந்து மட்டும் போதும் என்றும் நாம் சொல்லவில்லை. ஆலோசனை வேண்டும், வேலை வேண்டும், தோள் கொடுக்கும் தோழமை வேண்டும். இவையெல்லாம் நிலைக்க மருந்து கால் ஊன்ற இடம் தருகிறது.

பிச்சை அல்ல, உரிமை!

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அத்தியாவசியப் பட்டியலிலுள்ள மருந்துகள், சமூக சுகாதார நிலையம் முதல் மேலுள்ள அரசு மருத்துவமனைகள் அனைத்திலும், எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல.

ஒன்று: குடிநோய் மருந்துகள் அனைத்தும் மாநில மருந்துப் பட்டியலில் இருக்கவேண்டும். பட்டியலில் இருப்பது அலமாரியிலும் இருக்கவேண்டும்!

இரண்டு: குடியால் தளர்ந்து வரும் எவருக்கும் தயமின் ஊசி தவறாது தரும் முறை ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் நிலைபெறவேண்டும்.

மூன்று: சம்பளத்தில் நூற்றுக்கு 75 காசு பிடிக்கப்படும் தொழிலாளிக்கு, இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே இச்சிகிச்சை கிடைக்கவேண்டும். சிகிச்சைக்கு விடுப்பு எடுத்தவனின் வேலை பறிபோகக்கூடாது.

நான்கு: 'தெரியாமல் கொடுக்கும்' பொடி வியாபாரத்தை அரசு ஒடுக்கவேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. கிளைத் தோழர்களே! உங்கள் தெருவில் விழுந்து கிடப்பவனும் ஒரு காலத்தில் உங்களோடு கொடி பிடித்தவன், உங்களோடு கோஷமிட்டவன். அவனைக் கேலி செய்யும் கூட்டத்தில் நிற்காதீர்கள். அரசு மனநலத் தொலைபேசி எண் 14416 என்பதைச் சங்க அலுவலகச் சுவரில் எழுதிவையுங்கள். அரசு மருத்துவமனைக்கு அவன் தனியே போக வெட்கப்படுவான். இருவர் உடன் செல்லுங்கள். மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினால், பத்துப் பேராகப் போய்ச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். மீண்டும் ஒருமுறை வழுக்கி விழுந்தானா? மீண்டும் ஒருமுறை தூக்கி நிறுத்துங்கள். காய்ச்சல் திரும்பி வந்தால் கைவிட்டா விடுகிறோம்?

ஆலைத் தொழிலாளியின் உடம்பில் துப்புக் கிடைத்த மருந்து, இன்னும் தொழிலாளியின் கைக்கு வந்து சேரவில்லை. சேர்ப்போம்!