கொஞ்சம் நிறுத்துங்கள்!

ஐரோப்பாவுக்குப் போய் வந்த தம்பதிகளிடம் இப்போதெல்லாம் ஒரே பேச்சைத்தான் கேட்க முடிகிறது. லண்டனும் பாரிஸும் அவர்களுக்குப் பழசாகிவிட்டன. வாடகைக்கு ஒரு காரை எடுத்துக்கொண்டு, பெரிய சாலையை விட்டு விலகி, சின்னச் சின்னப் பழைய ஊர்களாகப் பார்த்துக்கொண்டே போவதுதான் இன்றைய நாகரிகமாம். ‘அடடா, அந்த மதில்! கல் பாவிய அந்தச் சந்து! எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? நம்மவர்களும் இருக்கிறார்களே!’ என்று ஒரு பெருமூச்சோடு முடிப்பார்கள்.

அந்த ‘நம்மவர்கள்’ யார் என்பதுதான் என் கேள்வி.

இதே தம்பதிகள் சாரல் காலத்தில் மதுரையிலிருந்து குற்றாலத்துக்குக் காரில் போகிறவர்கள்தாம். ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று வரிசையாக ஊர்கள். மேற்கே மலைத்தொடர் துணைக்கு வருகிறது. வாசுதேவநல்லூர் வந்ததும் இவர்கள் என்ன செய்கிறார்கள்? முன்னால் போகிற லாரியைத் திட்டுகிறார்கள், ஹாரனை அழுத்துகிறார்கள், ஊர் பின்னால் போய்விடுகிறது.

இவர்கள் தாண்டிப் போன ஊர் சாதாரண ஊரா? நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் கோட்டை இருந்த ஊர். 1759ஆம் ஆண்டின் இறுதியில் கான்சாகிபு பீரங்கிகளோடு வந்து முற்றுகையிட்டுப் பார்த்துவிட்டு, பிடிக்க முடியாமல் திரும்பிய ஊர். 1767இல் கர்னல் டொனால்டு காம்ப்பெல் பெரும்படையுடன் வந்தான். குண்டு பட்டு மதிலில் திறப்பு விழுந்த இடத்தையெல்லாம் உள்ளிருந்தவர்கள் வைக்கோலையும் மண்ணையும் கொண்டு அடைத்தார்கள். ஒருவன் விழுந்த இடத்தில் இன்னொருவன் வந்து நின்றான். கடைசியில் மழை இரவில் கோட்டையை விட்டு அகன்றார்கள். அந்த வீரத்தை வெள்ளைக்காரத் தளபதியே வியந்து எழுதினான். நம்முடைய தம்பதிகளுக்கோ அந்த இடம் வேகத்தடை உள்ள ஓர் ஊர்!

‘கோட்டை இருந்தால்தானே பார்ப்பதற்கு?’ என்று கேட்பார்கள். மெய்தான். அது மண் கோட்டை. கல்லுக்கு உள்ள ஆயுள் மண்ணுக்கு இல்லை. ஆனால் கோயில் இருக்கிறதே! சிந்தாமணிநாதர் கோயிலில் மூலவர் அர்த்தநாரீசுவரர். ஒரு பாதி ஆண், ஒரு பாதி பெண். பக்கத்துச் சங்கரன்கோவிலில் சிவனும் திருமாலும் ஒரே உருவில் நிற்கிறார்கள். ஓர் ஊரில் கணவனும் மனைவியும் ஒன்று. அடுத்த ஊரில் சைவமும் வைணவமும் ஒன்று. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து பிரயாணம் போகிறவர்கள் நின்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எந்தத் தேசத்தில் கிடைக்கும்?

‘தங்க வசதி இல்லை, கழிப்பிடம் சுத்தமில்லை, சொல்லிக் காட்ட ஆள் இல்லை’ என்பது அடுத்த புகார். இதில் நியாயம் உண்டு. இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் நிற்காத காருக்காக எவன் விடுதி கட்டுவான்? இறங்காத பிரயாணிக்காக எந்தப் பையன் ஊர்க் கதையைக் கற்று வைப்பான்?

இவர்கள் மெய்ம்மறந்து பேசுகிற ஜெர்மனியின் ரோத்தன்பர்க் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் பழமை மாறாமல் நின்றதற்கு முதல் காரணம் வறுமை. முப்பது ஆண்டுப் போரில் நொடித்துப்போனபின், பழையதை இடித்துப் புதிது கட்டக் கையில் காசில்லை. பின்னால் யாத்திரிகர்களும் ஓவியர்களும் வந்து நின்று பார்த்தார்கள்; அதன் பிறகே ஊருக்குத் தன் அருமை தெரிந்தது. 1945 மார்ச்சில் விழுந்த குண்டுகளில் ஊரின் கணிசமான பகுதியும் மதிலின் ஒரு பகுதியும் நாசமாயின. உலகின் பல மூலைகளிலிருந்து நன்கொடை வந்தது. கொடுத்தவர்களின் பெயர்களை மதிற்சுவரில் இன்றும் காணலாம். பிரான்சின் கார்க்காசோன் கோட்டையை 1849இல் இடித்துத் தள்ளவே அரசாங்கம் முடிவு செய்திருந்தது. எதிர்ப்புக் குரல் எழுந்தபிறகுதான் பிழைத்தது. காப்பாற்றும் புத்தியோடு எந்தத் தேசத்தாரும் பிறப்பதில்லை. நின்று பார்க்கிறவர்கள் இருக்கிற இடத்தில் அந்தப் புத்தி பிறக்கிறது.

நம்மவர்களுக்கு அது தெரியாது என்பதும் பொய். அதே குற்றாலச் சாலையில், தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இந்தக் கோயிலைக் காப்பவர்கள் எவராயினும் அவர்கள் அடியில் விழுந்து வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்தான். பதினைந்தாம் நூற்றாண்டு அரசன், முடியோடு, முகம் தெரியாத மனிதனை வணங்குகிறான்! எரிந்து பிளந்து நெடுங்காலம் நின்ற அந்தக் கோபுரத்தை ஊரார் நன்கொடை திரட்டி எழுப்பி 1990இல் குடமுழுக்குச் செய்தார்கள். அவர்களும் நம்மவர்கள்தாம்.

ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போகட்டும். ஆனால் வாசுதேவநல்லூரில் அரை மணி நேரம் நிற்க மனமில்லாதவர்களுக்கு, ரோத்தன்பர்க் மதிலைக் காட்டி நம்மவர்களைப் பழிக்கும் உரிமை மட்டும் கிடையாது. பாண்டியன் செய்த அந்த வணக்கத்தில் அவர்களுக்குப் பங்கும் கிடையாது.