ஒண்ணு வெட்டினா பத்து நடணுமாம்... நட்டுட்டாப் போச்சு!

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. வேலை, வெயில், அதுக்கும் மேல சோம்பேறித்தனம். இன்னிக்கு என்னை உக்காந்து எழுத வச்சது எதிர்வீட்டு வேம்பு.

காலைல ஏழு மணிக்கே மெஷின் வாள் சத்தம். பாளையங்கோட்டையில எங்க தெருவுல மிச்சமிருந்த மூணு பெரிய மரத்துல அதுவும் ஒண்ணு. பத்தரைக்கெல்லாம் அடிமரம் மட்டும் நிக்குது. பதினோரு மணிக்கு மினி லாரி வந்து அதையும் ஏத்திட்டுப் போயிட்டு. நாலு மணி நேரம், அவ்வளவுதான்.

மனசு கேக்காம, "என்ன அண்ணாச்சி, அனுமதி கினுமதி வாங்கினீயளா?"ன்னு கேட்டேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பாத்தார்.

"எம் மரத்த வெட்ட நான் எவன்ட்டவே கேக்கணும்? ஒம்ம வீட்டு வேம்ப வெட்டயில நீரு யார்ட்ட கேட்டீரு?"

சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா அவர் சொன்னது உண்மை.

2011ல மச்சு கட்டும்போது எங்க புறவாசல் வேம்பை நாந்தான் வெட்டினேன். தாத்தா வச்ச மரம். வரைபட அனுமதிக்குப் போன இடத்துல செப்டிக் டேங்க் எங்கன்னு கேட்டாங்க, மழைநீர்த் தொட்டி எங்கன்னு கேட்டாங்க, பக்கத்துச் சுவருக்கு எத்தனை அடி விட்டிருக்கேன்னு கேட்டாங்க. மரம் எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் சொல்லல. அந்த வரைபடத்தைப் பாத்தா அங்க ஒரு மரம் இருந்ததாவே தெரியாது. மரம் போன பொறவும் ஒரு வாரம் எங்கம்மா காலைல எந்திரிச்சு விளக்குமாத்தோட புறவாசலுக்குப் போவாங்க. கூட்டறதுக்கு அங்க ஒரு சருகு கிடையாது. சும்மா நின்னுட்டு உள்ள வந்துருவாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தா பரவாயில்லன்னு இருந்துச்சு.

சரி, சொந்தக் கதை போதும். சட்டத்துக்கு வருவோம்.

நம்ம ஊர்ல மரத்துக்குச் சட்டமே இல்லையான்னா, அப்படியும் சொல்ல முடியாது. துண்டு துண்டா இருக்கு. மலைப்பகுதியா அறிவிச்ச இடங்கள்ல 1955ஆம் வருஷ மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. நீலகிரியிலயோ கொடைக்கானல்லயோ உங்க தோட்டத்து மரமே ஆனாலும் கேட்காம கை வைக்க முடியாது. சந்தன மரம் உங்க வீட்டுக்குள்ளயே முளைச்சிருந்தாலும் வனத்துறைகிட்ட போய்த்தான் நிக்கணும். பனைக்கு 2021 ஆகஸ்ட்ல, முதல் வேளாண் பட்ஜெட்லயே, ஆட்சியர் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னு அறிவிச்சாங்க. 2025ல அதுக்கு நடைமுறையும் வகுத்தாங்க. ஒரு பனை வெட்டினா பத்து பனங்கன்னு நடணும்கறதும் அதுல உண்டு.

ஆனா சமவெளியில, டவுன்ல, வீட்டு வளவுக்குள்ள நிக்கிற வேம்பு, புளி, மா, வாகை, பூவரசு? கர்நாடகாவுல 1976லயே மரப் பாதுகாப்புச் சட்டம் போட்டாச்சு. மகாராஷ்டிரா நகரங்களுக்கு 1975ல. டெல்லிக்கு 1994ல. நமக்கு அந்த மாதிரி ஊருக்கெல்லாம் பொதுவா ஒரு சட்டம் கிடையாது. மரத்தை வெட்டாதேன்னு சொல்ல ஆளில்லாத ஊர்ல, வெட்டுன்னு சொல்ல மட்டும் ஆள் உண்டு. மரம் ஆபத்தா சாஞ்சு நின்னா வெட்டச் சொல்லி நோட்டீஸ் விடுற அதிகாரம் 1920ஆம் வருஷ நகராட்சிச் சட்டத்துலயே இருந்துச்சு. நூறு வருஷமா நம்ம நகராட்சிகளுக்கு மரம்னா ஒரு ஆபத்து, அவ்வளவுதான்.

வெட்டச் சொன்ன கதையில உச்சம் சீமைக்கருவேலம். நம்ம பக்கத்துல சீமை உடைன்னு சொல்லுவோமே, அதேதான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017ல தனியார் நிலத்துல இருக்கறதையும் அகற்றணும்னு சொன்னதும் எத்தனை வேகம்! ஜேசிபி என்ன, நோட்டீஸ் என்ன, வழக்கறிஞர்கள் பார்வையிட வந்தது என்ன! அதே வருஷம் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை போட்ட பிறகுதான் ஓட்டம் நின்னுச்சு. சீமை உடைக்கு நான் வக்காலத்து வாங்க வரல. அது குளத்தையெல்லாம் அடைச்சுட்டு நிக்கிறது உண்மைதான். நான் சொல்ல வர்றது வேற. நம்ம வருவாய்த்துறை நெனச்சா ஒவ்வொரு சர்வே நம்பர்லயும் இறங்கி, எந்த மரம் எங்க நிக்குதுன்னு பாக்க முடியும். வெட்டறதுக்குன்னு வந்தப்ப செஞ்சாங்க. காப்பாத்தறதுக்குன்னா மட்டும் "ஆள் பத்தல சார்".

இப்ப அந்தப் புகழ்பெற்ற கணக்குக்கு வரேன். ஒண்ணுக்குப் பத்து.

ரோடு போட மரம் வெட்டும்போதெல்லாம் கோர்ட்டுல, ஆபீஸுல, மேடையில எங்கயும் இதே கணக்குத்தான். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு போனா பத்து வருது, ஒம்பது லாபம்! திருநெல்வேலி - தென்காசி ரோட்டை நாலுவழியா ஆக்கினப்ப ஆலங்குளம், பாவூர்சத்திரம்னு வழிநெடுக நிழல் கொடுத்துட்டு இருந்த மரங்கள் போச்சு. குற்றால சீசனுக்கு அந்த நிழல்ல பஸ்ல போனவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. அந்த நிழலைப் பத்து கன்னு எத்தனை வருஷத்துல கொடுக்கும்? ஒரு பனையை எடுத்துக்கோங்க. பதநீர் கொடுக்கவே பதினஞ்சு வருஷத்துக்குக் குறையாது. வெட்டின பனை அன்னிக்கே சூளைக்குப் போயிரும். வச்ச பனங்கொட்டை பதினஞ்சு வருஷம் ஆடுமாடு, தீ, ரியல் எஸ்டேட் மூணையும் தாண்டி வரணும்.

நானும் நட்டவந்தான். சில வருஷத்துக்கு முன்ன நான் வேலை பாக்கிற இடத்துல ஒரு மரம் நடு விழா. ஆளுக்கு ஒரு கன்னு, ஆளுக்கு ஒரு போட்டோ. என் முறை வந்தப்ப நானும் இளிச்சுட்டு நின்னேன். எங்க வரிசையில மட்டும் பத்து கன்னு. ரெண்டு கோடை கழிச்சுப் போய்ப் பாத்தேன். ஒண்ணு நின்னுச்சு. என்னோடது இல்ல. பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவின தண்ணிய அந்தக் கன்னுக்கு ஊத்திட்டு இருந்திருக்கார். விழாவுக்கு அவரை யாரும் கூப்பிடக்கூட இல்ல!

நம்ம ஊர்தான் இப்படின்னு நெனச்சுராதீங்க. டெல்லியில 2020ல ஒரு கொள்கை கொண்டுவந்தாங்க. கட்டுமானத்துக்குத் தடையா இருக்கற மரங்கள்ல 80 சதவீதத்தையாவது வேரோட பெயர்த்து வேற இடத்துல நடணும், நட்டதுல 80 சதவீதம் பிழைக்கணும். பேப்பர்ல பிரமாதம். முந்தைய மூணு வருஷத்துல அப்படிப் பெயர்த்து நட்டதுல மூணுல ஒரு பங்குதான் பிழைச்சிருக்குன்னு 2022ல அவங்க வனத்துறையே உயர் நீதிமன்றத்துல சொல்லுச்சு. தலைநகரத்துலயே இந்த லட்சணம்.

என்ன மரம் வைக்கறோம்கறதும் ஒரு கூத்து. புங்கை, மருது, நாவல்னு நட வேண்டிய இடத்துல எல்லாம் சீக்கிரம் வளரும், பச்சையா தெரியும்னு கோனோகார்பஸை வச்சுத் தள்ளினாங்க. குஜராத் 2023ல தடை போட்டுச்சு. 2025 தொடக்கத்துல தமிழ்நாடும் இனி அதை நடக் கூடாதுன்னு சொல்லிட்டு. பத்துக்குப் பத்தும் கோனோகார்பஸா வச்சவன் கணக்குல பத்து மரம் நட்டவன்தானே? தாமிரபரணிக் கரையில, குறுக்குத்துறைப் பக்கம், வாய்க்கால் ஓரமா நிக்கிற மருத மரத்தையும் அதையும் ஒரே "மரம்"னு எழுதற நோட்டுல என்ன நியாயம் இருக்கு?

சரி, அப்ப டெல்லி மாதிரி ஒரு சட்டம் கொண்டுவந்து எல்லா மரத்துக்கும் அனுமதின்னு வச்சுட்டா முடிஞ்சுதா? இங்கதான் எதிர்வீட்டு அண்ணாச்சி பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேக்கணும். அவர் சொன்னார்: "இன்னிக்கு மரம் வச்சா நாளைக்கு வெட்ட மனுவோட அலையணும்னு ஆச்சுன்னா, எவன்வே வைப்பான்? முளையிலயே கிள்ளிப் போட்டுருவான்."

இது வெறும் வீம்புப் பேச்சு இல்ல. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல நடந்திருக்கு. 1986ல குறிப்பிட்ட மரங்களை வெட்டத் தடை போட்டுச் சட்டம் கொண்டுவந்தாங்க. 2005ல வனமல்லாத பகுதியில மரம் வளர்ப்பை ஊக்குவிக்கன்னு இன்னொரு சட்டம் போட்டு, சந்தனம் மாதிரி விலக்குகள் தவிர, சொந்த நிலத்து மரத்தை வெட்டற உரிமையைத் திருப்பிக் கொடுத்தாங்க. வெட்ட முடியாதுன்னு பயந்தா வைக்க மாட்டான்கறதை அவங்க புரிஞ்சுக்கிட்டாங்க.

அதனால அண்ணாச்சி பாதி சரி. மீதிப் பாதிக்கு வரேன். மரம் அவரோடது, சரி. நிழல் யாரோடது? அந்த வேம்படியிலதான் இஸ்திரி வண்டிக்காரர் நிப்பார். ஸ்கூல் வேனுக்குப் பிள்ளைங்க நிக்கும். இன்னிக்கு மத்தியானம் இஸ்திரி வண்டி தெருவுல இல்ல. அவர் எங்க போனார்னு அண்ணாச்சிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்க வேம்பை நான் வெட்டினப்ப யார் யார் போனாங்கன்னு நான் பாக்கவே இல்ல.

சும்மா புலம்பிட்டுப் போனா அது மொக்கைப் பதிவு. அதனால என் யோசனைகள்:

1. கணக்குல முதல்ல மரம் வரட்டும். நம்ம கிராமக் கணக்குல 2சி பட்டான்னு ஒண்ணு உண்டு, மரப்பட்டா. புறம்போக்குல மரம் வச்சு வளர்த்தவனுக்கு நிலம் கிடையாது, ஆனா அந்த மரத்தோட பலனை அனுபவிக்க உரிமை உண்டு. புளியை எண்ணி, பனையை எண்ணி ஆள் பேருக்கு எழுதி வச்ச ஊர் இது. வீட்டு மரத்தை எண்ண மட்டும் முடியாதா?

2. கட்டட வரைபடத்துல மரத்தைக் காட்டச் சொல்லுங்க. 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சொன்னப்ப எல்லாரும் முணுமுணுத்தோம். அப்புறம் குழி தோண்டினோம். வரைபடத்துல கட்டாயமா இருக்கறதுதான் நம்மாளுக்கு மண்டையில ஏறும். பாதிப் பேராவது தூணை ரெண்டடி தள்ளிப் போடுவான். நான் போட்டிருப்பேன்.

3. நட்டதை எண்ணாதீங்க, நிக்கிறதை எண்ணுங்க. வெட்டறவன் ஒரு தொகை கட்டட்டும். அஞ்சு வருஷம் கழிச்சு அதே தெருவுல, அதே வார்டுல நாட்டு மரம் உயிரோட நின்னா பணத்தைத் திருப்பிக் கொடுங்க. பத்து வேண்டாம் சாமி, ரெண்டு போதும். உயிரோட வேணும்.

4. வச்சிருக்கறவனுக்கு ஏதாவது கொடுங்க. சொத்து வரியில கொஞ்சம் தள்ளுபடி. சருகு கூட்டறது, வேர் சுவரைப் பிளக்கறது எல்லாம் அவன் தலையில, காத்து மட்டும் ஊருக்கா?

5. ஆபத்தான மரத்துக்கு ஒரு வாரத்துல பதில் சொல்லுங்க. மனுவைக் கிடப்புல போட்டா அனுமதி கொடுத்ததா அர்த்தம்னு எழுதுங்க. அனுமதின்னா கவனிக்கணும்னு ஆயிட்டா, மரமும் போயிரும், காசும் போயிரும்.

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பர்ல தொடங்கினப்ப, மாநிலத்தோட பசுமைப் பரப்பை 33 சதவீதம் ஆக்கப் போறோம்னு சொன்னாங்க. நல்ல விஷயம், குறை சொல்லல. ஆனா ஒரு பக்கம் நர்சரியில கோடிக்கணக்குல கன்னு வளர்த்துக்கிட்டு, இன்னொரு பக்கம் நாப்பது வயசு மரத்தை நாலு மணி நேரத்துல, ஒரு பேப்பர்கூட இல்லாம லாரியில ஏத்த விட்டா, அது ஓட்டைப் பானையில தண்ணி கோரி ஊத்தற கதைதான்.

என் கணக்கையும் சொல்லிடறேன். வெட்டினது ஒண்ணு. நட்டது ஒண்ணு, அதுவும் செத்துப் போச்சு. புறவாசல்ல இப்ப செப்டிக் டேங்க், வைக்க இடமில்ல. நாளைக்குக் காம்பவுண்டுக்கு வெளியில, இஸ்திரி வண்டி நின்ன இடத்துக்குப் பக்கத்துல ஒரு வேம்பு வைக்கலாம்னு அண்ணாச்சிகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "வையும். ஆனா தண்ணி நீருதான் ஊத்தணும்" அப்படின்னார்.

ஊத்தறேன்.

பி.கு: உங்க ஊர்ல வீட்டு மரம் வெட்ட என்ன நடைமுறைன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பெங்களூரு, மும்பைப் பதிவர்கள் அவசியம் சொல்லணும். அங்க சட்டத்தால மரம் நிக்குதா, இல்ல சட்டம் மட்டும் நிக்குதா? "சூப்பர் பதிவு"ன்னு மட்டும் எழுதிட்டுப் போறவங்க, பரிகாரமா ஒரு கன்னு வச்சுட்டுப் போங்க :-)