நெஞ்செரிச்சலும் ஃபுட் வால்வும்



"எங்கப்பாவுக்கு கேஸ் டிரபிள்" என்று சொல்லாத வீடு நம் ஊரில் உண்டா? எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அப்பா கொத்தனார். காலையில் ஒரு டீயோடு சாரம் ஏறுவார். மதியம் கிடைத்ததைச் சாப்பிடுவார். இரவு பத்து மணிக்குத்தான் வயிறு நிறையச் சோறு. கை கழுவின ஈரம் காயுமுன் கட்டிலில் சாய்ந்துவிடுவார். நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவுவார். "என்னப்பா?" என்றால், "ஒண்ணுமில்லடா, புளிச்ச தண்ணி மேல வருது" என்பார். பெட்டிக்கடையில் ஒரு சோடா, மருந்துக்கடையில் ஒரு மாத்திரை. ஆறு வருஷம் இப்படியே ஓடியது.

போன வருஷம் நான்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் படம் வரைந்து காட்டினார். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அது நாம் பம்ப் பாடத்தில் படித்ததுதான்!

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு மாதிரி, ஒருவழிப் பாதை. அது தளர்ந்தால் இரைப்பையில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் மேலே ஏறும். இரைப்பைக்கு அதைத் தாங்கும் கோழைப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அந்தக் காப்பு இல்லை. அதனால்தான் எரிகிறது. வயிறு முட்டத் தின்பது, எண்ணெய்ப் பண்டம், சிகரெட், மது, தொப்பை எல்லாமே அந்த வால்வுக்குப் பகை. தின்றவுடன் படுத்தால் புவியீர்ப்பும் நம்மைக் கைவிட்டுவிடும். சோடா குடித்து ஏப்பம் விட்டால் சுகமாகத் தெரியும். ஆனால் ஏப்பத்தோடு அமிலமும் மேலே வரும்.

மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்கும் டாக்டர் ஒமிப்ரசோல் கொடுத்தார்; சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், சொன்ன நாள் வரைக்கும். யாரையும் கேட்காமல் வருஷக்கணக்கில் விழுங்குவதைத்தான் எதிர்க்கிறேன். மிட்டாய் மாதிரி வாங்கித் தின்ற ரானிடிடின் என்ன ஆயிற்று? புற்றுநோய் உண்டாக்கலாம் என்று கருதப்படும் வேதிப்பொருள் அதில் கலந்திருப்பது தெரிந்து, 2020-ல் அமெரிக்காவில் விற்பனையிலிருந்தே எடுக்கச் சொன்னார்கள். 2022-ல் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அதை நீக்கினார்கள்.

இன்னொன்று. எல்லா நெஞ்சுவலியும் கேஸ் அல்ல! வியர்த்துக் கொட்டி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் சோடா தேடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். விழுங்கச் சிரமம், ரத்த வாந்தி, கருப்பு மலம், காரணமில்லாத மெலிவு இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

"நேரத்துக்குச் சாப்பிடு என்பது சுலபம். உழைக்கிறவனுக்கு முடியுமா?" என்று கேட்பீர்கள். அப்பாவும் அதைத்தான் கேட்டார்: "கூலி கைக்கு வர்றதே எட்டு மணிக்குடா!" நியாயம்தான். ஆனாலும் முடிந்ததைச் செய்தோம். காலையிலேயே தூக்குவாளியில் சோறு, இரவில் பாதி வயிறு, சாப்பிட்டபின் தெருவில் உட்கார்ந்து பேச்சு. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல், ஆறு அங்குல உயரம். அப்பா சிரித்தார்: "காலமெல்லாம் ரசமட்டம் வெச்சுக் கட்டினவன், கட்டிலைக் கோணலாப் போட்டுப் படுக்கணுமா?" இப்போது பெரும்பாலான இரவுகளில் அவர் எழுந்து உட்காருவதில்லை.

நம் விடுதியைப் பாருங்கள். ஒன்பது மணிக்கு மெஸ் சாப்பாடு. பதினொரு மணிக்குப் பரோட்டா சால்னா. பின்னாலேயே ஒரு சிகரெட், அப்புறம் தூக்கம். அப்பாவுக்கு வேறு வழி இல்லை. நமக்குமா இல்லை? இரவுச் சாப்பாட்டை ஏழரை மணிக்கே போடும்படி நம் மாணவர் மன்றம் கேட்கட்டும். காசு செலவில்லாத கோரிக்கை இது!

வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் நம்மில் பலர். டிப்ளமோ சான்றிதழை வீட்டுக்குக் கொண்டுபோக மூன்று வருஷம் ஆகும். இந்த விஷயத்தை இந்த வாரமே கொண்டுபோகலாம். ஊருக்குப் போனதும் அப்பாவிடம் கேளுங்கள்: "ராத்திரி நல்லாத் தூங்குறியாப்பா?"

- மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை