மோதிவிட்டு ஓடலாமா?

ஆகஸ்ட் மாதக் கடைசியில் காவி உடை அணிந்து, செபமாலை சொல்லிக்கொண்டு, வேளாங்கண்ணியை நோக்கி இரவும் பகலும் நடந்து செல்லும் திருப்பயணிகளை நாம் அனைவரும் அறிவோம். அவர்களில் பலர் நம் பங்குகளைச் சேர்ந்தவர்கள். அதே சாலையில் வேனிலும் காரிலும் அவர்களைக் கடந்து விரைபவர்களும் நாம்தான். நடப்பவரும் ஓட்டுபவரும் ஒரே சாலையைப் பயன்படுத்தினாலும் ஆபத்து இருவருக்கும் ஒன்றல்ல. மோதினால் ஒருவருக்கு வண்டியின் முகப்பு நெளியும். மற்றவருக்கு உயிரே போகும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். இவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். மோதிவிட்டு நிற்காமல் சென்ற வாகனங்களால் இறந்தவர்கள் 30,486 பேர். இவை எல்லாவற்றையும் நாம் 'விபத்து' என்ற ஒரே சொல்லில் அடக்கி விடுகிறோம். ஆனால் குடித்துவிட்டு ஓட்டுவதும், கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டுவதும், ஊருக்குள் நெடுஞ்சாலை வேகத்தில் வருவதும் தற்செயலாக நடப்பவை அல்ல. அவை ஓட்டுபவர் எடுக்கும் முடிவுகள்.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? 1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 304-ஏ பிரிவின்படி, கவனக்குறைவால் ஓர் உயிரைப் பறித்தவருக்கு அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுச் சிறை. அபராதத்தோடு விட்டுவிடவும் அதில் இடமிருந்தது. 2006 நவம்பரில் மும்பையின் பாந்திரா பகுதியில் நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள் மீது ஒரு கார் ஏறி ஏழு பேர் இறந்தனர். விசாரணை நீதிமன்றம் முதலில் கொடுத்தது ஆறு மாதச் சிறை. உயர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தானாகவே கையில் எடுத்து, மரணம் விளைவிக்கும் குற்றம் என்ற கடுமையான பிரிவின்கீழ் தண்டனையை மூன்று ஆண்டுகளாக உயர்த்தியது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஏழு உயிர்களுக்கு மூன்று ஆண்டுகள் போதுமா என்ற கேள்வி இன்றும் நம்மை உறுத்துகிறது.

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 106-ஆம் பிரிவில் இந்தத் தண்டனையை ஐந்து ஆண்டுகள் வரை உயர்த்தியது. மோதிவிட்டுக் காவல்துறைக்கோ நீதித்துறை நடுவருக்கோ தெரிவிக்காமல் தப்பியோடினால் பத்து ஆண்டுகள் வரை சிறை என்றும் அதன் இரண்டாம் உட்பிரிவு கூறியது. இதை எதிர்த்து 2024 ஜனவரியில் நாட்டின் பல பகுதிகளில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின், அந்த உட்பிரிவை மட்டும் நடைமுறைப்படுத்தாமல் மத்திய அரசு நிறுத்தி வைத்தது.

ஓட்டுநர்களின் அச்சத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்கிறார்கள். தவறு யாருடையது என்று கேட்காமலேயே கை ஓங்கும் கூட்டத்தில் சில வேளைகளில் நாமும் நிற்கிறோம். ஆனால் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே, 134-ஆம் பிரிவில் இதற்கு வழி காட்டுகிறது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை. கூட்டத்தின் சினத்தால் அது முடியாமற்போனால் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். ஆகவே உயிருக்கு அஞ்சி விலகுவது வேறு. பொறுப்பிலிருந்து ஓடி ஒளிவது வேறு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடித்திருந்தவர் நின்றால் இரத்தப் பரிசோதனையில் அகப்படுவார். ஓடிப்போய் மறுநாள் சரணடைந்தால் இரத்தத்தில் ஒன்றும் இராது. நின்றவருக்கு அதிகத் தண்டனையும் ஓடியவருக்குக் குறைந்த தண்டனையும் கிடைக்குமானால், சட்டமே ஓடச் சொல்வது போல் ஆகிவிடும். நின்று உதவியவருக்கு இரக்கமும், ஓடியவருக்குக் கடுமையும் காட்டுவதே நீதி. வெறும் பழிவாங்கலாக மட்டும் தண்டனை இருக்கக்கூடாது.

திரு அவையும் இது குறித்துப் பேசியிருக்கிறது. 2007 ஜூனில், குடிபெயர்வோர் மற்றும் பயணிகளின் மேய்ப்புப்பணிக்கான திருப்பீட அவை, சாலைப் பயணம் பற்றிய வழிகாட்டி ஏட்டில் வாகன ஓட்டுநர்களுக்குப் பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. முதல் கட்டளை, கொலை செய்யாதே என்பதே. சாலையில் வலுவற்றவரைக் காக்க வேண்டும் என்று மற்றொன்று வலியுறுத்துகிறது. குற்றம் செய்த ஓட்டுநரையும் பாதிக்கப்பட்டவரையும் தக்க வேளையில் மன்னிப்பில் சந்திக்கச் செய்யவும் அது அழைக்கிறது. ஆனால் ஓடி ஒளிந்தவரை யார் மன்னிப்பது? உண்மையை ஏற்பதும் இழப்பை ஈடுசெய்வதும் ஒப்புரவுக்கான வழி என்பதை நாம் மறைக்கல்வியில் கற்றிருக்கிறோமே.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாதபோதும் குடும்பத்திற்கு உரிமை உண்டு. 2022 ஏப்ரல் முதல், இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் இழப்பீடாக வரையறுக்கப்பட்டன. அதற்கு முன் இறப்புக்கு வெறும் 25,000 ரூபாய்தான். இதை அறியாததால் விண்ணப்பிக்காமலே விடும் ஏழைக் குடும்பங்கள் பல. நம் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இத்தகைய வீடுகளுக்குச் சென்று, விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, வருவாய்த் துறை அலுவலகத்திற்கு உடன் செல்லலாம். ஆறுதல் சொல்வதோடு இதுவும் இரக்கச் செயல்தான்.

அடிபட்டவரைத் தூக்கிச் செல்லவும் இனி அஞ்ச வேண்டாம். நல்ல சமாரியர் உவமையின் பெயரைத் தாங்கிய பாதுகாப்பு, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவில் இடம்பெற்றது. நல்லெண்ணத்தோடு உதவியவரை வழக்கில் இழுக்கக் கூடாது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது. அதே திருத்தம், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது.

அன்பார்ந்தவர்களே, பத்தாம் வகுப்பு மகனிடம் பைக் சாவியைக் கொடுக்கும்போதும், திருமண விருந்தில் குடித்தவரைக் கார் ஓட்ட அனுமதிக்கும்போதும், திருப்பயண வேன் ஓட்டுநரைத் தூங்க விடாமல் விரட்டும்போதும், அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. சாலையோரம் நடப்பவரும், மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் மாணவியும் நம் வண்டியின் வழியை மறைப்பவர்கள் அல்லர். நம் பொறுப்பில் விடப்பட்டவர்கள். அவர்களைக் காண்கையில் வேகத்தைக் குறைப்போம். ஒருவேளை மோத நேர்ந்தால், நிற்கும் துணிவை இறைவனிடம் கேட்போம்.