அனுபவம் அரிசி வாங்காது

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

நம் பள்ளியில் படித்த ஒரு பெண் சட்டம் முடித்துவிட்டு, ஐரோப்பாவில் தலைமையகம் உள்ள ஒரு பன்னாட்டு மனித உரிமை அமைப்பில் இன்டர்ன்ஷிப்புக்குத் தேர்வாகியிருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவள் பெயரும் அமைப்பின் பெயரும் வேண்டாம். ஆறு மாதம், முழுநேர வேலை, சம்பளம் கிடையாது. விமான டிக்கெட், விசா, காப்பீடு, வாடகை, சாப்பாடு எல்லாம் அவள் பொறுப்பு. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கலாமா என்று பேச்சு நடக்கிறது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னேன். "அத்தை, அனுபவம்தானே சம்பளம்?" என்று கேட்டான் என் அண்ணன் மகன். பதினேழு பேர் கைதட்டினார்கள். அவனுக்கும் அந்தப் பதினேழு பேருக்கும்தான் இந்தப் பதில்.

தம்பி, அனுபவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தக் கடையிலும் அரிசி தரமாட்டார்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் தொழிற்சாலையில் அப்ரண்டீஸாகச் சேரும் பையனும் தொழில் கற்கத்தான் போகிறான். ஆனாலும் அவனுக்கு உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்று 1961-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஃபிட்டருக்கு உள்ள நியாயம் மனித உரிமை படிக்கும் பிள்ளைக்கு ஏன் இல்லை?

இது ஏதோ ஒரு அமைப்பின் வழக்கம் மட்டுமல்ல. ஐ.நா. தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புகளுக்கே ஊதியம் கிடையாது. ஜெனீவாவில் உள்ள மனித உரிமை ஆணையர் அலுவலகமும் இதில் சேர்த்தி. அதே ஐ.நா.தான் 1948 டிசம்பர் 10 அன்று உலக மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. உழைக்கும் ஒவ்வொருவருக்கும் தானும் தன் குடும்பமும் கண்ணியமாக வாழும் அளவுக்கு ஊதியம் பெறும் உரிமை உண்டு என்பது அதன் 23-வது பிரிவின் சாரம். ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டேனே, நினைவிருக்கிறதா? இன்டர்ன் என்றால் அந்த 'ஒவ்வொருவரில்' வரமாட்டாரா?

2015-ல் ஜெனீவாவில் ஐ.நா.வில் இன்டர்னாக இருந்த 22 வயது நியூசிலாந்து இளைஞர் ஒருவர் வாடகை கொடுக்க வழியில்லாமல் கூடாரத்தில் தங்கியது உலகச் செய்தியானது. இந்த நிலைமையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரவும்தான் அப்படிச் செய்ததாகப் பிறகு அவரே சொன்னார். அதே ஜெனீவா மாநில மக்கள் 2020-ல் வாக்களித்து, மணிக்கு 23 பிராங்க் குறைந்தபட்சக் கூலி என்று சட்டமாக்கினார்கள். அந்த ஊரில் தரை துடைக்கிறவருக்கு அந்தக் கூலி உண்டு. உரிமை பற்றிய அறிக்கைக்குக் குறிப்பெடுக்கும் பிள்ளைக்கு எதுவும் இல்லை.

"பாவம், அவர்களிடம் பணம் இருக்காது" என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். அதே ஜெனீவாவில்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இருக்கிறது. அது இன்டர்ன்களுக்கு உதவித்தொகை தருகிறது. உலக சுகாதார அமைப்பும் 2020 முதல் தருகிறது. மனம் இருந்தால் தரலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதில் வாடகை, சாப்பாட்டுக் கணக்கைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. சம்பளம் இல்லை என்றால் யார் போவார்கள்? ஆறு மாதம் வெளிநாட்டில் வைத்துச் சோறு போட வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் போவார்கள். நாளை அந்த அனுபவத்தைக் காட்டி வேலைக்கும் அவர்கள்தான் வருவார்கள். கடைசியில், பட்டினியைப் புத்தகத்தில் மட்டுமே படித்தவர்கள் பட்டினியைப் பற்றி அறிக்கை எழுதுவார்கள்.

அறைக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சின்ன விஷயமா? பிரகடனத்தின் முதல் பிரிவு வரைவில் 'எல்லா ஆண்களும்' என்றும் பொருள் கொள்ளும்படி ஒரு ஆங்கிலச் சொல் இருந்தது. அது போதாது, 'எல்லா மனிதர்களும்' என்றே இருக்க வேண்டும் என்று வாதாடி மாற்ற வைத்தவர் நம் இந்தியாவின் ஹன்சா மேத்தா. அந்த ஒரு பெண் அங்கே இல்லாமல் போயிருந்தால்?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைத் தேடி 2017 முதல் தெருவோரம் போராடி வரும் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். ஜெனீவாவில் நீதி கிடைக்கும் என்றுதான் அவர்களும் மனு அனுப்புகிறார்கள். அதைப் பிரித்துப் படிக்கும் மேசையில் அந்த வலி தெரிந்த வீட்டுப் பிள்ளை ஒன்றாவது இருக்க வேண்டாமா?

"சேவைக்குக் கூலி கேட்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அமைப்புகளின் இயக்குநர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் சேவை செய்கிறார்கள். அதில் தவறே இல்லை. சேவையெல்லாம் கடைசி நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும் என்பதுதான் தவறு.

பழைய மாணவர்கள் சிலர் பணம் திரட்டலாம் என்கிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். என் ஒரு மாத ஓய்வூதியத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரம் அடகுக்குப் போகக்கூடாது. ஆனால் இதைத் தீர்வு என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த வருடம் தேர்வாகும் பிள்ளைக்கு எந்த டீச்சர் இருப்பார், எந்த வாட்ஸ்அப் குழு இருக்கும்?

உதவித்தொகை கேட்டு அமைப்புக்கு ஒரு கடிதம் எழுது என்று அவளிடம் சொன்னேன். கேட்டால் இடம் போய்விடுமோ என்று பயப்படுகிறாள். மனித உரிமை அமைப்பிடம் தன் உரிமையைக் கேட்க ஒரு பிள்ளை பயப்படுகிறது என்றால் வெட்கப்பட வேண்டியவர்கள் யார்?

உங்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், பத்திரிகையாளர்கள் இருக்கிறீர்கள், இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு மாதாமாதம் நன்கொடை தருபவர்களும் இருக்கிறீர்கள். அவளால் கேட்க முடியாததை நீங்கள் கேட்கலாம். அடுத்த நன்கொடைக்கு முன், "உங்கள் இன்டர்ன்களுக்கு என்ன தருகிறீர்கள்?" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்