கார்ட்டைக் கழட்ட முதல் பவர் சப்ளையைப் பாருங்கோ

கேம் நல்லா போய்க்கொண்டிருக்கேக்க கொம்பியூட்டர் படாரென்று நிண்டுபோனால், எங்கட பெடியள் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "கார்ட் போயிட்டுது மச்சான்." கடைக்குக் கொண்டுபோனாலும் அநேகமாக அதே பதில்தான். பெட்டிக்குள் விலை கூடின சாமான் அதுதானே. ஆனால் மன்னார்த் தீவில் இருக்கிற ஒரு கேமிங் பிசி விளையாட்டின் நடுவில் நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றையும் கரண்டையும் என்பதுதான் என் கருத்து. கார்ட்டின் முறை அதற்குப் பிறகுதான்.

எப்படி நின்றது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைச்சிடும். திரை மட்டும் கறுத்து, ஹெட்செட்டில் சத்தம் தொடர்ந்து கேட்டால், கார்ட்டையோ டிரைவரையோ சந்தேகப்படுவது நியாயம். கொஞ்ச நேரமாகவே கேம் இழுபட்டு, ஃபேன் கத்தி, பிறகு நின்றால் அது சூடு. புரொசசர் சூடேறினால் முதலில் தன் வேகத்தைத்தான் குறைக்கும். பல இன்டெல் புரொசசர்களில் அந்த எல்லை 100 பாகை செல்சியஸ். அதையும் தாண்டினால்தான் முழுசாக நிற்கும். மூன்றாவது வகைதான் ஆட்களை ஏமாத்துறது. கேம் வழுக்கிக்கொண்டு போகும், ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் மொத்தமாக அணையும். சில நேரம் பட்டனை அமத்தினாலும் உசும்பாது, பின்னால் உள்ள ஸ்விட்சை ஓஃப் பண்ணிப் போட்டால்தான் எழும்பும். பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெட்டிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம். விண்டோஸ் பதிவேட்டில் 'கேர்னல் பவர் 41' என்று சிவப்பாகக் கிடப்பதைப் பார்த்துப் பயப்படுறவை நிறையப் பேர். ஒழுங்காக மூடாமல் மெஷின் நின்றது என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஏன் நின்றது என்று அதுக்கும் தெரியாது.

எங்கட இடத்தின் கதை வேற. தீவின் தெற்குக் கரையில் தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்கள் 2020 முதல் நிற்கின்றன, மொத்தம் 103.5 மெகாவாட். அவ்வளவு காற்று இங்க இருக்கு. அதே காற்றுதான் மணலையும் உப்பையும் யன்னலால் கொண்டுவந்து உங்கட பெட்டிக்குள் போடுது. உப்பு சும்மா கிடக்கிற தூசி இல்லை. காற்றில் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் அது நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும்; கரைந்த உப்பு கரண்டைக் கடத்தும், பின்களை அரிக்கும். பேசாலையிலோ தலைமன்னாரிலோ கரையோரம் வீடு என்றால், மழைக்கால இரவுகளில் உங்கட மதர்போர்ட்டில் நடப்பது இதுதான். குளிர் நாட்டில் ஏசி அறையில் இருந்து ஒருத்தர் போடுற வீடியோவில் இது வராது.

பவர் சப்ளைக்கு வருவம். 'ஆர்டிஎக்ஸ் 3080' கார்ட்டுக்கு 320 வாட் என்று எழுதியிருக்கும். அது சராசரிக் கணக்கு. வெடிப்பு, புகை, கூட்டம் என்று காட்சி மாறும்போது செக்கனின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரம் அதைவிட மிகக் கூட இழுக்கும். அந்த உதறலைத் தாங்காத சப்ளை வெட்டிவிடும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம், புதுக் கார்ட்டுகளுக்கான சப்ளை தன் வாட் அளவின் 2 மடங்கை 100 மைக்ரோ செக்கனுக்குத் தாங்க வேண்டும் என்று சொல்வது இதுக்காகத்தான். '80 பிளஸ்' ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாதேங்கோ. அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுது என்பதை மட்டும்தான் சொல்லும், அதுவும் 23 பாகை அறையில் சோதித்து. சீற் போட்ட கூரைக்குக் கீழ மத்தியானம் 23 பாகையை எங்க தேடுறது?

யூபிஎஸ் இன்னொரு கள்ளன். வீட்டுப் பாவனைக்கு விற்கிற '650 விஏ' பெட்டி, வாட் கணக்கில் 360, 390 அளவுதான். பாட்டு, படிப்பு, படம் எல்லாத்துக்கும் காணும். கேம் தொடங்கி, மொனிட்டரும் சேர்ந்தால் அந்த எல்லையைத் தொடும். ஒருக்கா பீப் அடிச்சு வெட்டும். பழி கார்ட்டின் தலையில். பழைய வீடுகளின் உருண்டைப் பின் சொக்கெற்றில் கொன்வேர்ட்டர் சொருகி, அதில மல்டி பிளக் தொங்கவிட்டிருந்தால், அங்க ஆடுற ஒரு தொடுப்பே போதும்.

இதையெல்லாம் காசில்லாமல் சோதிக்கலாம். ஒரு நாள் யூபிஎஸ்ஸையும் மல்டி பிளக்கையும் விட்டிட்டு நேரே சுவரில் சொருகுங்கோ. நிற்கவில்லை என்றால் ஆள் பிடிபட்டான். இல்லாட்டி ஃபேன் இதழ்களைக் கையால் பிடிச்சுக்கொண்டு புளோவரால் ஊதித் துப்பரவாக்குங்கோ. பவர் சப்ளையை மட்டும் திறக்க வேண்டாம், பிளக்கைக் கழட்டின பிறகும் உள்ள ஷொக் அடிக்கிற அளவுக்குக் கரண்ட் நிற்கும். பிறகு 'எச்டபிள்யூ இன்ஃபோ' மாதிரி ஒரு இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பதிய விட்டு விளையாடுங்கோ. கடைசி வரியில் 70 பாகைதான் இருந்தால் புரொசசர் சூட்டைக் குறை சொல்லேலாது. அடுத்ததாக 'ஆஃப்டர்பேர்னர்' கொண்டு கார்ட்டின் பவர் அளவை 70 வீதத்துக்கு இறக்குங்கோ. அதோடு நிற்பது நின்றால், சப்ளை போதவில்லை என்பது ஏறக்குறைய உறுதி.

நல்ல சப்ளையால் ஒரு எஃப்பிஎஸ் கூடக் கூடாது, அதுக்கேன் காசு என்று கேட்பவர்களின் நிலைமையும் விளங்குது. 2022இல் 13 மணித்தியால மின்வெட்டோடு ரூபாவும் விழுந்தது. ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை போனது. சாமான் விலை அப்படி ஏறும்போது எல்லாரும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் வெட்டுவார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 15இல் எத்தீரியம் மைனிங் நின்றபின் பாவிச்ச கார்ட்டுகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. பெரிய கார்ட், பேர் தெரியாத சப்ளை என்ற சோடி அப்படித்தான் பல பெட்டிகளுக்குள் குடிவந்தது. வெளிநாட்டில் இருந்து மாமா அனுப்பின காசைக் கொட்டி அதுக்கு மேல இன்னொரு கார்ட் வாங்கினால், புதுக் கார்ட்டும் அதே நேரத்தில் அதே மாதிரித்தான் நிற்கும்.

ஆகவே கடையில் கார்ட்டை மாற்றச் சொன்னால், உங்கட கார்ட்டை அங்கேயே நல்ல சப்ளை உள்ள மெஷினில் போட்டு அரை மணித்தியாலம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கோ. அங்கேயும் நின்றால் காசை எடுங்கோ. காட்ட மாட்டன் என்றால் கார்ட்டைத் தூக்கிக்கொண்டு வீட்ட வாங்கோ.